தவறான கைதுக்கு நஷ்டஈடு: மனநோயால் கெடு தாண்டிவிட்டால் என்ன செய்யலாம்?

போலீஸ் சட்டவிரோதமாகப் பிடித்து அடைத்துவைத்ததற்கு நஷ்டஈடு கேட்டு இந்தியாவில் சிவில் வழக்குப் போட ஒரு வருஷம்தான் அவகாசம். கொடுத்த கடனை வசூலிக்க மூன்று வருஷம் தரும் அதே 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம், அடைபட்டுக் கிடந்தவருக்கு ஒரே வருஷம் தருகிறது. என்னைக் கேட்டால் இது அநியாயம். ஆனால் பாதிக்கப்பட்டவர் அந்தச் சமயத்தில் மனநோயாளியாகவோ மைனராகவோ இருந்திருந்தால் கெடு தள்ளிப்போகும்.

படி 1: தேதியைப் பிடியுங்கள்

சட்டவிரோதக் காவல் என்றால் (அட்டவணையில் 73ஆம் இனம்) காவல் முடிந்த நாளிலிருந்து ஒரு வருஷம். வேண்டுமென்றே போட்ட பொய் வழக்கு என்றால் (74ஆம் இனம்) விடுதலைத் தீர்ப்பு வந்த நாள், அல்லது வழக்கு வேறு விதமாக முடிந்த நாள். ரிமாண்ட் ஆன நாளா, ஜாமீனில் வந்த நாளா என்று எதிர்த்தரப்பு வாதாடும். எது முந்தியதோ அதை வைத்தே எண்ணுங்கள்.

படி 2: அந்தத் தேதியில் அவர் எந்த நிலையில் இருந்தார்?

எல்லாமே இதில்தான் இருக்கிறது. 6ஆம் பிரிவு சலுகை தருவது மைனருக்கும், சித்தசுவாதீனம் இல்லாதவருக்கும், பிறவியிலேயே அறிவுவளர்ச்சி குன்றியவருக்கும் மட்டும். பார்வையில்லாதவர், காதுகேளாதவர், நடக்கமுடியாதவர் இதில் வரமாட்டார்கள். மாற்றுத்திறனாளி அட்டை இருந்தாலும் அதை வைத்துக் கெடு நீளாது. கைதுக்குப் பிறகு பயத்தில் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார் என்பதும் போதாது.

"தாமதத்தை மன்னிக்க மனு போட்டால் ஆச்சு" என்று சிலர் தைரியம் சொல்வார்கள். நம்பாதீர்கள். தாமதத்தை மன்னிக்கும் 5ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கும் மனுக்களுக்கும்தான். புதிதாகப் போடும் அசல் வழக்குக்குச் செல்லாது.

படி 3: கணக்குப் போடுங்கள்

2021 மார்ச் 10 அன்று ஒருவர் காவலிலிருந்து வெளியே வருகிறார், அன்று கடும் மனச்சிதைவில் இருக்கிறார், 2023 ஆகஸ்ட் 1 அன்று தெளிகிறார் என்று வையுங்கள். ஒரு வருஷம் அங்கேதான் தொடங்கும். 2024 ஆகஸ்ட் 1 வரை வழக்குப் போடலாம். 16 வயதில் பிடித்து விடப்பட்ட பையனுக்கு 18 முடிந்து ஒரு வருஷம்.

இப்போது மாற்றிப் பாருங்கள். மார்ச் 10 அன்று அவர் நல்ல தெளிவோடு வெளியே வந்து, ஜூனில் நோய் வந்தது என்றால் சலுகையே கிடையாது. ஓட ஆரம்பித்த கெடுவைப் பின்னால் வரும் நோய் நிறுத்தாது என்கிறது 9ஆம் பிரிவு. காவலில் பட்ட அடியாலேயே நோய் முற்றியிருந்தாலும், வெளியே வந்த அந்த நாளில் நிலை எப்படி என்பதைத்தான் கோர்ட் பார்க்கும்.

தெளியாமலே இறந்துவிட்டால், வழக்குரிமை வாரிசுகளுக்குப் போகுமானால், 6ஆம் பிரிவுப்படி இறந்த நாளிலிருந்து அதே ஒரு வருஷம்.

படி 4: ஆதாரம் சேருங்கள்

நிரூபிக்கும் பாரம் உங்களுடையது. இன்று டாக்டர் எழுதித் தரும் பொதுவான சான்றிதழைவிட, அந்த வாரத்து ஓ.பி. சீட்டு, மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, ஜெயில் ஆஸ்பத்திரிப் பதிவு இவற்றுக்கே மதிப்பு அதிகம். தன் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு தருகிறது. எழுத்தில் கேளுங்கள். நோய் எப்போது தொடங்கியது, எப்போது தெளிந்தது, இரண்டுக்கும் காகிதம் வேண்டும்.

படி 5: நோட்டீஸ், பிறகு பிராது

அரசு மீதோ, பதவி முறையில் செய்த காரியத்துக்காகப் போலீஸ் அதிகாரி மீதோ வழக்கு என்றால் சிவில் நடைமுறைச் சட்டம் 80ஆம் பிரிவுப்படி இரண்டு மாத நோட்டீஸ். அந்த இரண்டு மாதம் கெடுக் கணக்கில் சேராது.

கெடு தாண்டிப் போடும் பிராதில், எந்தக் காரணத்தால் விலக்கு கேட்கிறீர்கள் என்று எழுதியே ஆகவேண்டும் (ஆர்டர் 7, விதி 6). ஒரு பத்தி போதும்: காவல் முடிந்த தேதி, நோயின் பெயர், தெளிந்த தேதி, 6ஆம் பிரிவு. இதை விட்டுவிட்டால் எதிர்த்தரப்பு வாயே திறக்காவிட்டாலும் கோர்ட் தானாகவே வழக்கைத் தள்ளலாம்.

இன்னும் தெளியாதவர் என்றால் காத்திருக்கவேண்டாம். ஆர்டர் 32இன் கீழ் உறவினர் ஒருவர் அவர் சார்பில் வழக்குப் போடலாம். 'நெக்ஸ்ட் ஃப்ரெண்ட்' என்பார்கள்.

போலீஸ் சட்டத்தில் மூன்று மாதக் கெடு இருக்கிறதே என்று பதில் வரலாம். தமிழ்நாட்டில் அது 1859ஆம் ஆண்டுச் சட்டத்தின் 53ஆம் பிரிவு. அடைத்துவைத்து அடிப்பது அந்தச் சட்டத்தின் கீழ் செய்த காரியமே ஆகாது என்று வேணுகோபால் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது.

படி 6: சிவில் வழி அடைந்துவிட்டால்

மனித உரிமை ஆணையத்துக்கும் ஒரு வருஷக் கெடுதான், அதுவும் சம்பவ நாளிலிருந்து. மிஞ்சுவது உயர்நீதிமன்றத்தில் அரசியலமைப்புச் சட்டத்தின் 226ஆம் பிரிவுப்படி போடும் ரிட் மனு. அதற்கு எழுதிவைத்த கெடு கிடையாது. ஆனால் தாமதத்துக்குக் காரணம் கேட்பார்கள், படி 4இல் சேர்த்த காகிதங்கள் அங்கேயும் உதவும். பீகாரில் 1968இல் விடுதலைத் தீர்ப்பு பெற்ற ருதுல் சா 1982 வரை ஜெயிலிலேயே இருந்தார். அவருக்கு மனநிலை சரியில்லை என்று அரசு சொன்ன சாக்கை சுப்ரீம் கோர்ட் ஏற்கவில்லை. 1983இல் ரிட் வழக்கிலேயே நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது, தனியாக சிவில் வழக்குப் போடவும் தடையில்லை என்றது.

வக்கீல் வைக்க வசதியில்லையா? மாற்றுத்திறனாளிகளுக்கும் மனநலக் காப்பகத்தில் இருப்பவர்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு, வருமானம் பார்க்கமாட்டார்கள். 15100க்கு போன் செய்து மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். முதல் பேச்சிலேயே காவல் முடிந்த தேதியைச் சொல்லிவிடுங்கள்.