நாலாம் மாசம், அஞ்சாம் மாசம்: மசக்கை விட்டபின் கவனிக்க வேண்டியவை

மருத்துவமனை அட்டையில் வாரக் கணக்கு ஓடும், வீட்டில் மாதக் கணக்கு ஓடும். இரண்டும் அநேகமாக ஒத்துப்போகாது. வாரக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளில் தொடங்குகிறது. நாள் தள்ளிப்போன தேதியிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய நாலு வாரம் குறைந்துவிடும். மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்கள் முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் சொல்லும் தேதியையே வைத்துக்கொள்வது நல்லது. இங்கே பேசுவது 14 முதல் 20 வாரம் வரை.

பெரும்பாலானவர்களுக்கு இதற்குள் வாந்தி அடங்கிப் பசி எடுக்கும். சிலருக்கு 20 வாரம் வரைகூட இழுக்கும். 12 வாரத்தில் இடுப்பெலும்புக்குச் சற்று மேலே தட்டுப்படும் கருப்பை, 20 வாரத்தில் தொப்புள் உயரத்துக்கு வந்துவிடும். அதைத் தாங்கும் தசைநார்கள் இழுபடுவதால் இருமினாலோ, தும்மினாலோ, படுக்கையில் சட்டென்று புரண்டாலோ அடிவயிற்று ஓரத்தில் சுரீரென்று வலிக்கும், சில நொடியில் விட்டுவிடும். ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி மெல்ல எழுந்தால் இந்த வலி குறையும். ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கும் காலமும் இதுதான். அதனால் பஸ்ஸிலோ வரிசையிலோ வெகுநேரம் நின்றால் கண் இருட்டும். உடனே உட்கார்ந்துவிடுங்கள், வெறும் வயிற்றோடு வெளியே போகாதீர்கள்.

இந்த மாதங்களின் பெரிய வேலை இரும்புச்சத்து மாத்திரைதான். அதிகம் கோட்டைவிடுவதும் அதில்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். பிள்ளை பிறந்த பிறகும் இன்னொரு 180 நாள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் மருத்துவர் தினம் இரண்டாக்குவார். 7-க்குக் கீழே போனால் மாத்திரையை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது, ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மாத்திரை போட்டும் ரத்தம் ஏறவில்லையா? எதோடு போடுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். டீ, காபியில் உள்ள டானின் இரும்பு உடம்பில் சேராமல் தடுத்துவிடும். பாலும் கால்சியம் மாத்திரையும் அப்படியே. கால்சியமும் 14ஆம் வாரத்திலிருந்து 500 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு போட வேண்டியிருப்பதால், இரண்டையும் சேர்த்து ஒரே வாயில் விழுங்கி முடிப்பவர்கள் ஏராளம். அப்படிச் செய்தால் இரும்பில் பாதிக்கு மேல் வீணாகலாம். சுலபமான வழி: காலைச் சாப்பாட்டோடு ஒரு கால்சியம், மதியச் சாப்பாட்டோடு ஒரு கால்சியம். இரவு எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிட்டு, படுக்கப் போகுமுன் இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். நெல்லிக்காய், கொய்யாவும் இரும்பு சேர உதவும். இரவில் போட்டால் குமட்டலும் தூக்கத்தில் கழிந்துவிடும்.

மலம் கறுப்பாகப் போவது உடம்பில் சேராமல் வெளியேறும் இரும்பினால்தான், பயப்பட வேண்டாம். மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் கீரையும் கொய்யாவும் போதாவிட்டால் மருத்துவரிடம் கேளுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். இரும்பு மாத்திரை போட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று ஒரு பேச்சு ஊரெங்கும் உண்டு. பிள்ளையின் நிறத்தை மாத்திரையும் மாற்றாது, குங்குமப்பூவும் மாற்றாது.

பச்சரிசி, சாம்பல், திருநீறு, சிலேட்டுக்குச்சி இவற்றைத் தின்னும் ஆசை வந்தால் அதைப் 'புள்ளத்தாச்சி ஆசை' என்று விட்டுவிடாதீர்கள். ரத்தசோகையின் அறிகுறியாக இருக்கலாம், ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். குடற்புழு இருந்தாலும் ரத்தம் குறையும். அதற்கு அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே ஒரு மாத்திரை இந்தக் காலத்தில் தருவார்கள். டிடி (ரண ஜன்னி, தொண்டை அடைப்பான்) தடுப்பூசி இரண்டையும் நாலு வார இடைவெளியில் போட்டாகிவிட்டதா என்று அட்டையைப் பாருங்கள்.

பிள்ளையின் உறுப்புகளில் குறை உண்டா என்று பார்க்கும் அனாமலி ஸ்கேனுக்கு 18 முதல் 20 வாரத்துக்குள் நாள் வாங்கிவிடுங்கள். அதற்கு முன்னால் எடுத்தால் இதயம் சரியாகத் தெரியாது. தள்ளிப்போட்டால், பெரிய குறை ஏதும் தெரிந்து மேற்கொண்டு சோதனை செய்யவோ முடிவெடுக்கவோ அவகாசம் போதாது. சாப்பிட்டுவிட்டே போகலாம். தலை, உதடு, முதுகெலும்பு, இதயத்தின் நான்கு அறைகள், சிறுநீரகம், கை கால், நஞ்சு (நஞ்சுக்கொடி) இருக்கும் இடம், பனிக்குட நீர் எல்லாம் பார்ப்பார்கள். பிள்ளை முதுகைக் காட்டிப் படுத்திருந்தால் 'கொஞ்சம் நடந்துவிட்டு வாங்க' என்பார்கள். அது வழக்கம்தான், ஏதோ கோளாறு என்று கலங்க வேண்டாம். நஞ்சு கீழே இருக்கிறது என்று எழுதியிருந்தாலும், கருப்பை வளர வளரப் பெரும்பாலானவர்களுக்கு மேலே போய்விடும், ஏழெட்டு மாதத்தில் மறுபடி பார்ப்பார்கள். ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள், சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் தவறவிட்டவர்கள், 15 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் குவாட்ரபிள் டெஸ்ட் (டவுன் சிண்ட்ரோம் போன்ற குறைகளுக்கு வாய்ப்பு உண்டா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்.

அசைவு தலைப்பிள்ளைக்காரர்களுக்கு 18–20 வாரத்தில் தெரியும், அடுத்த பிள்ளைக்கு 16-லேயே தெரியலாம். முதலில் வாயு புரளுவதுபோல்தான் இருக்கும். நஞ்சு முன்பக்கச் சுவரில் இருந்தால் இன்னும் தாமதமாகும். 24 வாரம் ஆகியும் தெரியவில்லை என்றால் போய்க் காட்டுங்கள்.

சிறுநீர் கழிக்கையில் எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் மோரும் இளநீரும் குடித்து நாளைக் கடத்தாதீர்கள். சிறுநீர்த் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறும், குறைப்பிரசவத்துக்கும் வழிவிடும். தலைவலிக்குக் கடையில் கேட்டு ஐபுரூஃபன் வாங்க வேண்டாம், பாரசிட்டமால்கூட மருத்துவர் சொன்ன அளவில்தான். ரத்தம் பட்டாலோ, தண்ணீர்போல் ஒழுகினாலோ, வயிறு விட்டுவிட்டு இறுக்கிப் பிடித்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால், கசிவு தானாக நின்றுவிட்டாலும் போயே ஆக வேண்டும். பிள்ளையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடம்பு வேலை செய்யாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவைப்பட்டால் அதை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும்.