டர்பனின் 031 எப்படி 25 ஆகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்தில் ஒரு தமிழ்ப் பள்ளியின் மாணவர் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றுபவர், டர்பனின் தொலைபேசிக் குறியீடான 031ஐ ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் மேற்கோள் குறியின்றி எழுதிவிட்டால், கணினி அதை 25 என்று எடுத்துக்கொள்ளும். மூன்று எட்டுகளோடு ஒன்றைக் கூட்டினால் வரும் தொகை அது. முன்னால் பூச்சியம் நின்றால் எட்டடிமான எண் (0 முதல் 7 வரையான இலக்கங்களை மட்டும் கொண்டு எட்டெட்டாக எண்ணுவது) எனக் கொள்ளும் வழக்கம், 1970களின் தொடக்கத்தில் டெனிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியிலிருந்து ஜாவா, பிஎச்பி, ஜாவாஸ்கிரிப்ட் எனப் பல மொழிகளுக்கும் பரவியது.

இதைவிடக் கவலை தருவது, பொட்செஃப்ஸ்ட்ரூம் நகரின் தொலைபேசிக் குறியீடான 018ஐ அதே ஜாவாஸ்கிரிப்ட் 18 என்றே படிப்பதுதான். எட்டடிமானத்தில் 8 என்ற இலக்கமே இல்லாததால், எந்த எச்சரிக்கையும் தராமல் அது நாம் வழக்கமாக எண்ணும் பத்தடிமானத்துக்கு மாறிவிடுகிறது. ஐயத்துக்குரிய எழுத்துமுறைகளை ஏற்க மறுக்கும் ஜாவாஸ்கிரிப்டின் கண்டிப்பு முறையை (strict mode) இயக்கியிருந்தால் 031, 018 இரண்டுமே பிழையென்று அங்கேயே நிறுத்தப்படும். அம்முறையை இயக்காமல் விடுவதை நான் பெருந்தவறாகக் கருதுகிறேன். பைத்தான் 3உம் 031ஐ ஏற்க மறுக்கிறது. ரஸ்ட், சி ஷார்ப் ஆகியவற்றிலோ அது வெறும் 31தான். ஆகவே ஒரு மொழியில் பழகியதை நம்பி இன்னொன்றில் எழுதக்கூடாது. ஒரே மொழிக்குள்ளும் வேறுபாடு உண்டு: ஜாவா நிரலில் நேரடியாக எழுதிய 031 என்பது 25, அதையே மேற்கோள் குறிக்குள் எழுத்துச்சரமாகக் கொடுத்து, உரையை எண்ணாக்கும் இன்டிஜர் பார்ஸ்இன்ட் (Integer.parseInt) வழியாக மாற்றினால் 31.

00 முதல் 07 வரை எட்டடிமானம், பத்தடிமானம் என இரு முறைகளிலும் மதிப்பு ஒன்றே என்பதால் பிழை நெடுநாள் மறைந்திருக்கும். மாதத்தை இரண்டு இலக்கங்களில் பெற்றுக் கணக்கிடும் பாஷ் (லினக்ஸ் போன்றவற்றில் கட்டளைகளை இயக்கும் மொழி) நிரல் ஜூலை வரை ஒழுங்காக ஓடி, ஆகஸ்டில் 08ஐக் கண்டதும் பிழை காட்டும். அக்டோபரில் தானாகவே சரியாகிவிடுவதால், அப்போது காரணத்தைத் தேடுபவருக்கு அது அகப்படாது. எண்ணுக்கு முன் 10# என்று சேர்த்தால் பாஷ் அதைப் பத்தடிமானமாகவே கொள்ளும்.

பிள்ளைகளின் அடையாள எண்ணில் நேர்வது வேறுவகை இழப்பு. தென்னாப்பிரிக்க அடையாள எண்ணின் 13 இலக்கங்களில் முதல் இரண்டு பிறந்த ஆண்டைக் குறிப்பதால், 2000 முதல் 2009 வரை பிறந்த அனைவருக்கும் அது பூச்சியத்தில் தொடங்கும். அட்டவணை மென்பொருள் அதை எண்ணென்று கருதினால் 2005இல் பிறந்தவருக்கு 12 இலக்கங்களே மிஞ்சும். அடையாள எண்ணும் தொலைபேசிக் குறியீடும் பிரிட்டோரியாவின் 0002 போன்ற அஞ்சல் குறியீடும் இலக்கங்களால் எழுதிய பெயர்களே. அவற்றைக் கூட்டுவாரோ கழிப்பாரோ இல்லை. எனவே அந்த நெடுவரிசையை உரை வடிவத்துக்கு மாற்றிய பிறகே பதியத் தொடங்க வேண்டும்; பதிந்த பின் மாற்றினால் போன பூச்சியம் திரும்பி வராது.