பிளாஸ்டிக் உலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாளையாரைத் தாண்டி, கஞ்சிக்கோட்டில், பிளாஸ்டிக்கைக் காற்றுப் படாமல் சூடாக்கி எண்ணெய் எடுக்கும் சிறிய உலை ஒன்றில் 11 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். போன மாதம் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் முதல் ஆண்டில் நான் செய்த தவறுகளையே செய்தார்கள். கையுறை போடுவது, போல்ட்டை இறுக்குவது பற்றியெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பி.வி.சி.யைப் பிரிக்காமல் போடுவது

பாலித்தீன் பையிலும் பாலிபுரொப்பிலீன் சாக்கிலும் பெரும்பாலும் இருப்பவை கார்பனும் ஹைட்ரஜனும்தான். உலைக்குள் ஆக்சிஜன் இல்லாததால் அவை எரிவதில்லை. 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் சூட்டில் நீண்ட சங்கிலிகள் துண்டு துண்டாக அறுந்து ஆவியாகி, குளிர்ந்ததும் எண்ணெயாகவும் மெழுகாகவும் இறங்குகின்றன.

பி.வி.சி. வேறு சாதி. அதன் எடையில் ஏறத்தாழ 57 சதவீதம் குளோரின். 300 டிகிரியை ஒட்டியே அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாகக் கழன்றுவிடும். ஆவியைக் குளிர்விக்கும் கண்டென்சரில் துளி ஈரம் இருந்தால் போதும், ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிவிடும்.

என் முதல் ஆண்டில் ஒரு பழைய பொருள் வியாபாரி, "எல்லாம் சாக்குதான்" என்று ஒரு லோடு இறக்கினார். அடியில் இருந்தவை திருவிழா ஃப்ளெக்ஸ் பேனர்கள். துணிமேல் பூசிய பி.வி.சி.! நான் கட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை. ஒரு மாதம் கலந்து ஓட்டினோம். கண்டென்சர் குழாய்களில் ஊசி குத்தியதுபோல் ஓட்டைகள். எண்ணெயை வாங்கியவர் திருப்பி அனுப்பினார். இரண்டு மாதம் உலை நின்றது. கூலிக்கு வந்தவர்கள் வேறு வேலை தேடிப் போனார்கள். அதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

"தண்ணீரில் மிதந்ததே, அண்ணா" என்றான் புதிதாக வந்தவன். பாலித்தீன் மிதக்கும், பி.வி.சி. மூழ்கும் என்பது சரிதான். ஆனால் மடிப்பில் காற்றுச் சிக்கிய ஃப்ளெக்ஸும் மிதக்கும். நறுக்கி, நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். சந்தேகமா? பழுக்கக் காய்ச்சிய செப்புக் கம்பியை அதில் தொட்டு, மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் குளோரின் இருக்கிறது. இதைத் திறந்தவெளியில், புகை முகத்தில் படாமல் செய்யுங்கள்.

சுண்ணாம்பு போட்டால் சரியாகிவிடும் என்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. சுண்ணாம்பு வாயுவில் ஒரு பகுதியைப் பிடிக்கும். எண்ணெயோடு பிணைந்துவிட்ட குளோரினை விட்டுவிடும். மாத்திரை அட்டை, மின்கம்பி உறை, ரெக்சின், குழாய்த் துண்டு, எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எடுங்கள்.

பெட் பாட்டில்

எண்ணெய் தராது. சூட்டில் அதிலிருந்து பிரியும் டெரெப்தாலிக் அமிலம் வெள்ளைத் தூளாகப் படிந்து ஆவிக் குழாயை அடைக்கும், அழுத்தம் ஏறும்.

எண்ணெயை டீசல் என்று வண்டியில் ஊற்றுவது

ஊற்றாதீர்கள்.

கரி அள்ள அவசரப்படுவது

எண்ணெய் இறங்கியபின் உலையின் வெளிச்சுவர் ஆறியிருக்கும், உள்ளே மிஞ்சி நடுவில் குவிந்த கரி கனன்றுகொண்டிருக்கும். மூடியைத் திறந்து காற்றுப் பட்டதும் கரியும் மிச்ச ஆவியும் பற்றிக்கொள்ளும். நைட்ரஜன் செலுத்தி ஆவியை வெளியேற்றி, கரிக்குள் இருக்கும் வெப்பமானி 60 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை நான் போல்ட்டில் கை வைப்பதில்லை, லாரி வாசலில் காத்திருந்தாலும்.