இறுகிப் பிடித்த பாகமும் அவசர அடியும்: வள்ள இன்ஜினில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆனியும் ஆடியும் மேற்குக் கடல் கொந்தளித்துக் கிடக்கும். தமிழ்நாட்டுக் கரையின் கடைசி ஊரான நீரோடியிலும், அதைத் தாண்டிக் கேரளத்துப் பொழியூரிலும், பல வள்ளங்கள் கரையேறி நிற்கும். வள்ளத்தின் பின்னால் மாட்டும் இன்ஜின்கள் கழற்றப்பட்டு வீட்டுத் திண்ணையில் சாய்ந்திருக்கும். கடல் அடங்கியதும் எல்லாருக்கும் ஒரே நாளில் அவசரம் வந்துவிடும். புரொபெல்லர் கழலவில்லை, கியர் கேஸ் (கியர் இருக்கும் அடிக்கூடு) இறங்கவில்லை, ஹேண்டில் திரும்பவில்லை என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். “அண்ணே, ரெண்டு அடி போடும், வந்துரும்” என்பார்கள். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை பல ஆயிரத்துக்குப் போவது பெரும்பாலும் அந்த இரண்டு அடியால்தான்.

இறுகுவது எதனால் என்று தெரிந்தால் கை தானாக நிதானப்படும். இன்ஜினின் உடம்பு அலுமினியம். போல்ட்டும் ஷாப்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நடுவில் உப்புத் தண்ணீர் தங்கினால் பேட்டரிக்குள் நடப்பதுதான் அங்கேயும் நடக்கும், அலுமினியம் அரிக்கும். அரித்த இடத்தில் வெள்ளையாக ஒரு மாவு பூக்கும். கரைந்துபோன அலுமினியம் இருந்த இடம் அந்த மாவுக்குப் போதாது. அதனால் போல்ட்டைச் சுற்றிலும் ஆப்பு இறக்கியதுபோல நெருக்கிப் பிடிக்கும். தினமும் கடலுக்குப் போகும் இன்ஜினைவிட, கழுவாமல் இரண்டு மாதம் சும்மா கிடந்த இன்ஜினில் இது அதிகம்.

முதல் தவறு, இறுகாததை இறுகியது என்று நினைப்பது. கியர் கேஸ் இறங்கவில்லை என்றால், எல்லா போல்ட்டையும் எடுத்தாயிற்றா என்று முதலில் பாருங்கள். பல மாடல்களில், புரொபெல்லருக்கு மேலே துடுப்பு மாதிரி தொங்கும் சின்னத் தகட்டைக் கழற்றினால்தான் அதற்குள் ஒளிந்திருக்கும் போல்ட் தெரியும். கியர் மாற்றும் ராடையும் பிரித்துவிட வேண்டும். இந்த இரண்டையும் விட்டுவிட்டு ஒரு நாள் முழுக்கச் சுத்தியலால் தட்டி, ராடு வளைந்து வந்த இன்ஜினை நான் பார்த்திருக்கிறேன். அதில் துருவும் இல்லை, உப்பும் இல்லை.

அடுத்தது ஸ்பேனர். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை இறுகிய போல்ட்டில் போடவே கூடாது. மூலை மழுங்கிவிட்டால் பிறகு பிடிக்க ஒன்றும் இருக்காது. ஆறு பட்டை உள்ள சாக்கெட்தான் போல்ட் தலையை முழுதாகப் பிடிக்கும். போடுவதற்கு முன் தலையைச் சுற்றியுள்ள உப்பை ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, துரு இளக்கும் ஆயிலை விட்டு, ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். பத்து நிமிடத்தில் ஆயில் உள்ளே இறங்காது. நடுநடுவே போல்ட் தலையில் சின்னச் சுத்தியலால் நேராகத் தட்டிக் கொடுங்கள். மாவில் விரிசல் விழுந்தால்தான் ஆயிலுக்கு வழி கிடைக்கும்.

திருப்பும்போது கழற்றும் பக்கமே இழுத்துக்கொண்டிருக்கக் கூடாது. முதலில் ஒரு நூலளவு முறுக்கும் பக்கம் கொடுங்கள், பிறகு கழற்றும் பக்கம். ‘கிரீச்’ என்று வறண்ட சத்தம் கேட்டால் போல்ட் நகர்கிறது; மறுபடி ஆயில் விட்டு, கால் சுற்று முன்னே, அரைக்கால் சுற்று பின்னே என்று போகலாம். சத்தமே இல்லாமல், ரப்பரை முறுக்குவதுபோல ஸ்பேனர் மெத்தென்று வந்தால் உடனே கையை எடுத்துவிடுங்கள். போல்ட் கழலவில்லை, முறுகுகிறது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் தலை கையோடு வந்துவிடும்.

அந்த நிலைக்கு மருந்து சூடு. பெரிய சேதங்கள் நடப்பதும் சூட்டில்தான். ஒரு மீட்டர் நீள அலுமினியம் 100 டிகிரி சூடேறினால் சுமார் 2.3 மில்லிமீட்டர் நீளும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுமார் 1.7 மில்லிமீட்டர்தான். ஆகவே போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கினால் ஓட்டை அதிகமாக விரிந்து பிடி தளரும். பலரும் போல்ட் தலையிலேயே தீயைக் காட்டுகிறார்கள். அப்போது போல்ட் பெருத்து இன்னும் இறுகும். அதைவிட ஆபத்தானது, இரும்புபோலச் சிவக்கட்டும் என்று காத்திருப்பது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதற்கு முன்னால் கண்ணுக்குத் தெரியும்படி சிவக்காது. கியர் கேஸில் இருக்கும் கலப்பு உலோகம் அதற்கும் முன்பே இளகிவிடும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மூலை மெழுகுபோலச் சரிந்து விழும். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் ‘சுர்’ என்று ஆவியாகிற அளவு போதும். பக்கத்தில் ஆயில் சீலோ, தண்ணீர் இறைக்கும் ரப்பர் இம்பெல்லரோ இருந்தால் தீயே வேண்டாம். துணி சுற்றிக் கொதிதண்ணீர் ஊற்றுங்கள். இங்கே நிறைய வள்ளங்கள் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடுகிறவை. டேங்க்கையும் டியூபையும் தூரமாக வைத்து, சிந்திய எண்ணெயைத் துடைத்து, ஆயில் விட்ட இடத்தையும் உலர்த்திய பிறகுதான் தீக்குச்சியைத் தொட வேண்டும்.

கியர் கேஸ் இணையும் இடத்தில் ஸ்குரூடிரைவரைச் செருகி நெம்புகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள். அந்த முகப்பில் ஒரு கீறல் விழுந்தால் பிறகு எந்த கேஸ்கெட்டும் சரியாக உட்காராது. மர ஆப்பை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள்.

புரொபெல்லரின் இறகில் அடித்தால் இறகு வளையும், இல்லையென்றால் ஷாப்ட் வளையும். நடுக்குடத்தில் மரக்கட்டை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். பல புரொபெல்லர்களில் குடத்துக்குள் ரப்பர் புஷ் இருக்கும். தீ காட்டினால் அது கருகிவிடும். கழற்றி மாட்டிய பிறகு இன்ஜின் இரையும், வள்ளம் நகராது. ஹேண்டில் இறுகியிருந்தால் ஹேண்டிலையே நெம்புகோலாக்கி இழுக்காதீர்கள். திரும்பும் குழாயில் கிரீஸ் நிப்பிள் இருக்கும். உள்ளே கல்லாகிப்போன பழைய கிரீஸைச் சூட்டாலும் ஆயிலாலும் இளக்கி, புதுக் கிரீஸை அடித்து அடித்துத் தள்ளுங்கள்.

போல்ட் முறிந்தேவிட்டால், முறிந்த துண்டைத் திருகி எடுக்கும் ‘ஈஸி அவுட்’டை அவசரப்பட்டுச் செருக வேண்டாம். அது உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் அதில் ஏறாது. முறிந்த முனை கொஞ்சம் வெளியே தெரிந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்வது நல்லது. பிடியும் கிடைக்கும், அந்தச் சூடு ஆறும்போது இறுக்கமும் விடும்.

கடலில் விழுந்து எடுத்த இன்ஜின் சுற்றவில்லை என்று கயிற்றை இழுத்துப் பார்க்கவே கூடாது. சிலிண்டரில் தண்ணீர் நின்றால் கனெக்டிங் ராடு வளையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, வடித்து, ஆயில் ஊற்றி, அன்றைக்கே மெக்கானிக்கிடம் சேர்த்துவிடுங்கள். வெயிலில் காய வைத்தால் உப்பு உள்ளேயே உறையும், அடுத்த நாளே துரு பிடிக்கத் தொடங்கும்.

திரும்ப மாட்டும்போது போல்ட் மறையிலும் ஷாப்ட் பல்லிலும் தண்ணீர் தாங்கும் கிரீஸ் பூசுங்கள். டிரைவ் ஷாப்டின் உச்சி முகத்தில் மட்டும் வேண்டாம். அங்கே கிரீஸ் அடைத்துக்கொண்டால் கியர் கேஸ் முழுதாக உட்காராது. புரொபெல்லரைப் போடும் முன் அதன் பின்னால் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். தங்கூஸ் நூல் (மீன்பிடி நைலான் நரம்பு) சுற்றியிருந்தால் அது ஆயில் சீலை அறுத்துக்கொண்டிருக்கும். ஒரு இழைகூட மிச்சமில்லாமல் எடுத்த பிறகு நட்டை முறுக்குங்கள்.