பத்தோலொஜியில் வெளிநாட்டுச் சான்றிதழ்: சோதினைக்கு முன் நாட்டைத் தீர்மானியுங்கள்

உள்ளகப் பயிற்சி முடிக்கும் தம்பி தங்கைகளோடு பின்னேரம் திருகோணமலை டச் பே கடற்கரையில் இருந்தால் இந்தக் கேள்வி வரும்: "அண்ணா, பத்தோலொஜி (நோயியல்) செய்ய விருப்பம். எந்தச் சோதினை எடுக்கிறது?"

முதல் படி, ஆய்வுகூடம். நோயியல் நிபுணரிடம் அனுமதி கேட்டு இரண்டு கிழமை போய் இருங்கள். இழையத்தை வெட்டி, மெழுகில் பதித்து, சாயமேற்றி ஸ்லைட் ஆக்குவது வரை பாருங்கள். நோயாளியின் முகம் பார்க்காமல் நாள் முழுக்க நுணுக்குக்காட்டியோடு இருக்க மனம் ஒப்புகிறதா? ஒப்பினால் மேலே போவோம்.

இரண்டாவது, எந்த நாட்டில் அறிக்கைக்குக் கையெழுத்து வைக்கப் போகிறீர்கள் என்று முடிவெடுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இலங்கை என்றால் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனமான பி.ஜி.ஐ.எம். இங்கே இழைய நோயியல், குருதியியல், இரசாயன நோயியல் எல்லாம் வெவ்வேறு பாதைகள். அங்கே பெறும் பட்டப்பின் பட்டமான எம்.டி.க்குப் பிறகு வெளிநாட்டுப் பயிற்சியும் உண்டு.

பிரித்தானியாவின் நோயியல் கல்லூரி நடத்தும் எஃப்.ஆர்.சி.பாத் சோதினை இரண்டு பகுதிகள் கொண்டது. அங்கே பயிற்சி பெறாதவரும் எழுதலாம். ஆனால் பலர் சறுக்குவது இங்கேதான்: அதில் சித்தியடைந்தவுடன் கன்சல்டன்ட் ஆகிவிட முடியாது. அந்நாட்டு மருத்துவ சபையான ஜி.எம்.சி.யின் நிபுணர் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். அதற்குச் செய்த வேலையை ஆதாரங்களோடு காட்ட வேண்டும்.

அமெரிக்கா வேறு கதை. அந்நாட்டு மருத்துவ உரிமச் சோதினையான யு.எஸ்.எம்.எல்.ஈ.யில் ஸ்டெப் 1, ஸ்டெப் 2 முடித்து, ரெசிடென்சி என்ற நிபுணர் பயிற்சிக்குத் தெரிவாக வேண்டும். 2022இலிருந்து ஸ்டெப் 1இல் புள்ளி இல்லை, சித்தி அல்லது தோல்வி மட்டுமே. அதனால் ஸ்டெப் 2 புள்ளிக்கு மதிப்புக் கூடிவிட்டது. இழைய நோயியலையும் ஆய்வுகூட மருத்துவத்தையும் சேர்த்துப் படித்தால் 4 வருடம். இலங்கையில் நிபுணராக இருந்தாலும் பொதுவாக அந்த ரெசிடென்சியை முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.

ஆகவே அமெரிக்காதான் என்றால் எம்.டி. தொடங்கும் முன்பே முடிவெடுங்கள். மனம் இரண்டாக இருந்தால் பி.ஜி.ஐ.எம். பாதையில் சேர்ந்து, பயிற்சிக் காலத்திலேயே எஃப்.ஆர்.சி.பாத் முதல் பகுதிக்குப் படியுங்கள் என்பேன். ஒரே படிப்பு இரண்டுக்கும் உதவும். அவுஸ்திரேலியாவுக்கு ஆர்.சி.பி.ஏ. என்ற தனி நோயியல் கல்லூரி உண்டு, அங்கே பயிற்சி குறைந்தது 5 வருடம்.

மூன்றாவது, ஒரு கொப்பியில் வருடங்களையும் செலவையும் நாடு நாடாக எழுதுங்கள். பரீட்சைக் கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும், அந்தந்த அமைப்பின் தளத்தில் பாருங்கள். வீட்டாரோடும் இருந்து பேசுங்கள்.

கடைசியாக, இன்றே தொடங்கக்கூடிய ஒன்று: பார்த்த மாதிரிகளின் பதிவு. திகதி, உறுப்பு, உங்கள் முடிவு, நிபுணரின் முடிவு, அவர் கையொப்பம். நோயாளியின் பெயர் வேண்டாம். ஆங்கிலச் சோதினையை மட்டும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள், ஐ.ஈ.எல்.டி.எஸ். பெறுபேறு பொதுவாக 2 வருடமே செல்லுபடியாகும்.