எல்இடி பலகையைக் கடைசியாக வாங்குங்கள்

அமெரிக்காவுக்கு வந்து சொந்தக் கடை போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வேலை பார்க்கிறார்கள். இடம் பிடிக்கிறார்கள், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள், எழுத்து ஓடும் எல்இடி பலகைக்கு முன்பணம் கட்டுகிறார்கள், எல்லாம் முடிந்தபின் அனுமதி கேட்டுப் போகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். நான் அப்படிச் செய்யாமல் அடிபட்டவன். பெட்டி பிரிக்காத பலகை ஏழு மாதம் என் கடைப் பின்னறையில் கிடந்தது. "இந்த மண்டலத்தில் மின்னணுப் பலகைக்கு இடமில்லை" என்ற பதிலைச் சொல்ல அனுமதிக் கவுண்டரில் இருந்தவருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

நாடு முழுமைக்கும் ஒரே விதி என்று எதுவும் கிடையாது. ஜோனிங் எனப்படும் மண்டல விதிகளை அந்தந்த நகரமோ கவுண்டியோ (மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) வகுக்கிறது. சாலையின் இந்தப் பக்கம் ஒரு நகரம், எதிர்ப்பக்கம் இன்னொன்று என்றால் விதியும் இரண்டு. ஒரே நகருக்குள்ளும் பெருஞ்சாலை வணிகப் பகுதியில் செல்லுவது பழைமையான கட்டடங்கள் உள்ள பகுதியில் செல்லாது. எனவே கடையின் முகவரியைச் சொல்லி, "இந்த மனை எந்த மண்டலத்தில் வருகிறது, எழுத்து மாறும் பலகைக்கு அனுமதி உண்டா" என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

பக்கத்துக் கடையில் மின்னுகிறதே என்று வாதாடிப் பயனில்லை. அது விதி வருவதற்கு முன்பே வைத்ததாக இருக்கலாம். 'கிராண்ட்ஃபாதர்டு' என்று சொல்லி அதை விட்டுவைத்திருப்பார்கள். கழற்றிப் புதிதாக மாட்டினால் அந்தச் சலுகை பெரும்பாலும் போய்விடும். முன்பிருந்தவர் விட்டுப்போன சாதாரணப் பலகையை எல்இடியாக மாற்றுவதையும் பொதுவாகப் புதுப் பலகையாகத்தான் கணக்கிடுவார்கள்.

பரப்பளவு, உயரம், மனை எல்லையிலிருந்து தூரம் ஆகியவற்றை வரைபடத்திலேயே பார்த்துவிடுவார்கள். தகராறு வருவது பலகை இயங்கத் தொடங்கியபின். ஒரு செய்தி எத்தனை நொடி அசையாமல் நிற்க வேண்டும் என்பது முதல் கேள்வி. நெடுஞ்சாலையோர டிஜிட்டல் விளம்பரப் பலகைகளுக்குக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் 2007-இல் 8 நொடியைப் பரிந்துரைத்தது. உள்ளூர் விதி அதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம். ஓடுவது, சிமிட்டுவது, வெடித்துச் சிதறுவது போன்ற வித்தைகளைப் பல ஊர்களில் அடியோடு தடுத்திருக்கிறார்கள். விற்பவர் கடையில் ஆசையாகக் காட்டுவதோ அதைத்தான்! அடுத்தது வெளிச்சம். இதை 'நிட்' என்ற அலகில் அளப்பார்கள். இருட்டியதும் தானாக மங்கும் உணர்கருவி இல்லாத பலகையை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்காதீர்கள். எதிர்வீட்டுப் படுக்கையறைச் சுவரில் உங்கள் பலகையின் நிறம் மாறி மாறி விழுந்தால் மறுநாளே புகார் போகும். கண்ணாடிக்கு உள்ளே மாட்டினால் தப்பிக்கலாம் என்பதும் எல்லா ஊரிலும் பலிக்காது.

பலகையில் உங்கள் கடையைப் பற்றி மட்டுமே போடுங்கள். நண்பரின் கடைக்கும் ஒரு வரி ஓட்டினால், பல ஊர்களின் விதிப்படி அது வேறிடத்து வணிகத்துக்கான விளம்பரப் பலகையாகிவிடும். அதற்குச் சட்டம் வேறு. இப்படிப் பிரிப்பது செய்தியின் உள்ளடக்கத்தை வைத்துப் பாகுபாடு காட்டுவதாகாது என்று டெக்சாஸின் ஆஸ்டின் நகர வழக்கில் 2022-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

கட்டட உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதம், பலகை அனுமதி, மின்இணைப்பு அனுமதி ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் கேட்பார்கள். பலகையில் மின்பாதுகாப்புச் சோதனையில் தேறியதைக் காட்டும் யூஎல் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். அனுமதி மறுத்துவிட்டால் 'வேரியன்ஸ்' என்ற விதிவிலக்குக்கு மனுப் போடலாம். ஆனால் விசாரணையில் "வியாபாரம் படுத்துவிடும்" என்று புலம்பினால் எடுபடாது. மனையின் வடிவமோ சரிவோ பலகையை மறைக்கிறது என்பது போன்ற காரணம் வேண்டும்.

தமிழில் எழுதலாமா என்று பலரும் தயங்குகிறார்கள். தாராளமாக எழுதலாம். வேற்றுமொழி எழுத்து இருந்தால் பலகையில் பாதியாவது ஆங்கில எழுத்தாக இருக்க வேண்டும் என்று கலிபோர்னியாவின் பொமோனா நகரம் போட்ட விதியை 1989-இல் கூட்டாட்சி நீதிமன்றம் செல்லாதென்று தள்ளியது. நடைமுறைச் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. புள்ளிகள் நெருக்கமில்லாத மலிவுப் பலகையில் மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். 'பட்டு' என்பது தெருவிலிருந்து 'படடு' என்று தெரியும். பணம் கட்டுமுன் உங்கள் கடைப் பெயரையே ஓடவிட்டு, சாலையின் மறுபக்கம் நின்று படித்துப் பாருங்கள்.