முதலில் பிணைச்சல், பிறகுதான் பசை

மகளின் மடிக்கணினியில், மூடியைத் தாங்கும் பிணைச்சல் பிடுங்கிய இடத்தை இரண்டு தடவை ஒட்டினேன். முதல் ஒட்டு ஒன்பது நாள் தாங்கியது. இரண்டாவது ஒட்டுக்கு இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் அசையவில்லை. இரண்டு தடவையும் பசை ஒன்றுதான், கையும் ஒன்றுதான். இடையில் எனக்குப் புத்தி வந்தது மட்டுமே வேறுபாடு.

எங்கள் வீடு குருநகரில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. படலைப் பிணைச்சல் முதல் சைக்கிள் செயின் வரை உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. ஐந்து வயதான மடிக்கணினியை மட்டும் விட்டுவிடுமா? மூடியைத் திறக்கும்போது முதலில் வலப்பக்கத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஒரு மாதத்தில் அந்த மூலை வாய் பிளந்து, நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்துவிட்டது. நகரில் ஒரு கடையில் காட்டினோம். உறை முழுவதையும் மாற்றவேண்டும், கொழும்பில் இருந்து வர மூன்று வாரமாகும் என்றார்கள். மகளுக்குப் பல்கலைக்கழகப் பரீட்சை பத்து நாளில். நானே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

திறப்பதற்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். உறை பிளப்பதற்குப் பிணைச்சல் மட்டும் காரணமாக இருக்காது. கணினியை மூடி, சமதரையில் வையுங்கள். அடிப்பக்கம் வயிறு ஊதியதுபோல ஆடினாலோ, விரலால் தடவும் சதுரம் மேலெழுந்திருந்தாலோ, உள்ளே பற்றரி வீங்கியிருக்கலாம். அதை அழுத்தவோ குத்தவோ கூடாது. மின்னேற்றுவதையும் நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். அது தீப்பிடிக்கக்கூடிய பொருள், நம் கைவேலைக்கு உரியதல்ல.

மூடியைத் திறக்கும்போது மட்டும் மூலை பிளந்தால் குற்றவாளி பிணைச்சல்தான். பற்றரியின் மின்னேற்றத்தை முக்கால்வாசி இறக்கி, கணினியை முழுதாக நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். நான் வெள்ளை வேட்டி ஒன்றை மேசையில் விரித்தேன். எள்ளளவு திருகாணியும் அதில் கண்ணுக்குத் தப்பாது. ஒரு தாளில் கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் அதற்குரிய இடத்தில் செலோரேப்பால் ஒட்டிவையுங்கள். நீளத் திருகாணியைக் குட்டைத் துளையில் முறுக்கினால் அது மறுபக்கத்தால் வெளியே வந்துவிடும், அல்லது உள்ளே மின்சுற்றுப் பலகையைக் குத்தும். றப்பர் கால்களுக்கு அடியிலும் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். எல்லாம் கழன்ற பிறகும் உறை வரவில்லையென்றால் இழுக்காமல் அவற்றைத் தேடுங்கள். உறையின் விளிம்பைப் பிரிக்க இரும்பு வேண்டாம், பழைய வங்கி அட்டை போதும். திறந்தவுடன் முதல் வேலை பற்றரியின் இணைப்பைக் கழற்றுவது. நாடா போன்ற தட்டை வயர்களுக்குச் சின்னப் பூட்டு இருக்கும். அதை நிமிர்த்திய பிறகே நாடாவை எடுக்கவேண்டும்.

உள்ளே பார்த்தால் விஷயம் விளங்கும். பிணைச்சலின் இரும்புத் தகடு மூன்று திருகாணிகளால் பிடிக்கப்பட்டிருக்கிறது. அவை இறங்கும் இடம் பிளாஸ்ரிக்கில் எழுப்பிய குட்டிக் குமிழ்கள். ஒவ்வொரு குமிழுக்குள்ளும் பச்சைப்பயறு அளவில், உள்ளே மரை வெட்டிய பித்தளை வளையம் ஒன்று பதிந்திருக்கிறது. எங்கள் கணினியில் இரண்டு வளையங்கள் பிளாஸ்ரிக்கோடு பிடுங்கிக்கொண்டு திருகாணியின் நுனியில் தொங்கின. உடைந்தது இரும்பு அல்ல, அதைப் பிடித்திருந்த பிளாஸ்ரிக். நான் முதல் தடவை அதை மட்டும் பார்த்து, ஒட்டி, மூடிவிட்டேன். ஏன் உடைந்தது என்று கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் அதே 'டக்'.

பிணைச்சலைத் தனியாகக் கழற்றிக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. இரண்டு விரலால் திருப்பமுடியவில்லை, குறட்டால் பிடிக்கவேண்டியிருந்தது. நடுத்தண்டைச் சுற்றி வளையத் தகடுகள் அடுக்கப்பட்டு, முனையில் ஒரு நட் அவற்றை அழுத்திக்கொண்டிருக்கும். அந்த உராய்வினால்தான் மூடி நாம் விட்ட இடத்தில் நிற்கிறது. கிறீஸ் காய்ந்து துருவும் ஏறினால் தண்டு சுழல மறுக்கும். அப்போது மூடியைத் திறக்கும் கையின் பலம் முழுவதும் அந்தப் பயறளவு பிளாஸ்ரிக்கின் தலையில் விழும்.

ஆகவே நட்டை இடப்பக்கமாகக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். பழைய அழுக்கைத் துடைத்து, ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் விட்டு, இருபது தடவை மடக்கி விரியுங்கள். இன்னும் இறுக்கமாக இருந்தால் மேலும் கால் சுற்று. அதற்கு மேல் அவசரப்படவேண்டாம். அதிகம் தளர்ந்தால் திரை முகத்தில் விழும். மற்றப் பக்கத்தையும் அதே அளவு தளர்த்துங்கள். ஒன்று இறுக்கமாகவும் மற்றது இலேசாகவும் இருந்தால் மூடி முறுகும். சிலவற்றில் நட் இருக்காது, தகடே தண்டைச் சுருட்டிப் பிடித்திருக்கும். அவற்றுக்கு எண்ணெய் மட்டும்தான்.

இனிப் பசை. இரண்டு குழாயில் வரும் அரல்டைட்டில், ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையை விட்டுவிட்டு மெதுவாக இறுகுவதை வாங்குங்கள். சுப்பர் குளூவில் அப்பச்சோடாவைத் தூவினால் நொடியில் கல்லாகும் என்று என் மச்சான் சொன்னார். உண்மைதான். ஆனால் அது நொறுங்கும் கல். அடிக்கடி அசையும் இடத்துக்கு ஆகாது. உடைந்த பரப்பை உப்புத்தாளால் சுரண்டி, மருந்துக்கடையில் வாங்கிய ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள். நகப்பூச்சு அகற்றும் அசிற்றோன் வேண்டாம், பிளாஸ்ரிக்கையே கரைத்துவிடும்.

வளையத்தைக் குமிழில் நேராக வைப்பதுதான் கடினம். அதற்கு ஒரு வழி: வளையத்தைத் திருகாணியால் பிணைச்சலிலேயே பூட்டிவிடுங்கள். திருகாணியின் மரையில் மெல்லியதாக வாசலின் பூசினால் பசை அதில் பிடிக்காது. குமிழைச் சுற்றிச் சரிசமமாகக் கலந்த பசையை வைத்து, பிணைச்சலை அதன் இடத்தில் இருத்திவிட்டால் வளையம் தானாகச் சரியான இடத்தில் நிற்கும். யன்னலுக்கு அடிக்கும் அலுமினிய நுளம்பு வலையில் இருந்து வெட்டிய துண்டைப் பசைக்குள் புதைத்தேன், சீமெந்துக்குள் கம்பி வைப்பதுபோல. சித்திரை வெயிலில் பசை சீக்கிரம் இறுகும், ஆதலால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். திரைக்குப் போகும் வயர் பிணைச்சலின் அருகேதான் ஓடுகிறது. அதில் ஒரு சொட்டும் படக்கூடாது. பிறகு 24 மணி நேரம் யாரும் தொடவேண்டாம். எங்கள் வீட்டில் இதுதான் மிகக் கடினமான கட்டம்.

உறையின் வாயை மட்டும் பசையால் ஒட்டிவிடாதீர்கள். அது கவ்விகளால் தானாகப் பூட்டிக்கொள்ளும். ஒட்டினால் அடுத்த தடவை உடைத்துத்தான் திறக்கவேண்டும்.

குமிழ்கள் தூளாகிவிட்டால் ஒட்ட ஒன்றும் மிஞ்சாது. மச்சானின் கணினியில் அப்படித்தான் ஆனது. பிணைச்சல் துளைக்கு நேரே உறையைத் துளையிட்டு, இரண்டு குட்டிப் போல்ட்டுகளை வாஷரோடு போட்டு முறுக்கினோம். வெளியே இரண்டு தலைகள் தெரியும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் அவரிடம் இருப்பவற்றில் இனிப் பிணைச்சல் பிடுங்காத ஒரே கணினி அதுதான்.

திரும்பப் பூட்டிய பின் மூடியை நடுவில் பிடித்துத் திறக்கவேண்டும். மூலையில் பிடித்தால் பாரமெல்லாம் ஒரு பிணைச்சலுக்கே போகும். மறக்காமல் இருக்க மூடியின் நடுவில் சிவப்பு நாடாத் துண்டு ஒன்றை ஒட்டிக் கொடுத்தேன். நேற்றும் மகள் வலது மூலையில்தான் பிடித்துத் திறந்தாள்.